மழையில் நிற்கும் அந்தக் குதிரைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: இங்கிலாந்தின் தெற்கே புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு இயற்கைக் காப்பகம், அதில் ஏழெட்டுப் பழுப்புநிற மட்டக்குதிரைகள் மழையிலும் காற்றிலும் கொட்டகைகூட இல்லாமல் நிற்கின்றன, பார்க்கவே பாவமாக இருக்கிறது. கேட்டில் தன்னார்வலர்கள் தேவை என்று ஓர் அறிவிப்பு. இவற்றுக்கு யார் பொறுப்பு, தன்னார்வலர் போய் அப்படி என்ன செய்வார், குதிரையைத் தொட்டே பார்த்திராத ஒருவர் சேரலாமா, போகும்போது இரண்டு கேரட் கொடுத்தால் என்ன தவறு?

கேரட்டிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். கொடுக்காதீர்கள், ஒன்றுகூட வேண்டாம், காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். சேரலாமா என்றால், தாராளமாகச் சேரலாம். நான் சுண்ணாம்புக் குன்றுப் பகுதி ஒன்றில் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற நர்ஸ் இருக்கிறார், பஸ் ஓட்டுநர் இருக்கிறார், கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள், குதிரை வளர்த்தவர்கள் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். சொல்லப்போனால் லாயத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் முதல் சில மாதம் சிரமமாக இருக்கிறது, பிரஷ் எடுத்துத் தேய்க்கவும் தட்டிக்கொடுக்கவும் அவர்களுக்குக் கை துறுதுறுக்கும், இங்கே அதெல்லாம் கிடையாது. இங்கே வேலை என்பது பார்ப்பதுதான். போய், கொஞ்சம் தள்ளி நின்று, ஒவ்வொரு குதிரையையும் நிதானமாகக் கண்ணால் பார்த்து, பார்த்ததை எழுதிவிட்டு வருவது. கேட்கச் சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் இந்தக் குதிரைகளை அவற்றின் போக்கில் விட்டுவைக்க முடிகிறது என்றால் அதற்கு ஒரே காரணம் தினமும் யாரோ ஒருவர் அவற்றைச் சரியாகப் பார்க்கிறார் என்பதுதான். இதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

சரி, அவை அங்கே ஏன் நிற்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது பிடிபடாது. சுண்ணாம்புக் குன்றுகளில் மண் மிக மெல்லியது, சத்தும் குறைவு. சத்து குறைவாக இருப்பதால் ஒரு செடி இன்னொன்றை அமுக்கிக்கொண்டு வளர முடியாது, அதனாலேயே நல்ல நிலையில் இருக்கும் இடத்தில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள் வரை எண்ணலாம். ஆனால் இந்தப் புல்வெளி தானாக நிலைப்பதில்லை. நூற்றாண்டுகளாக ஆடுகளும் முயல்களும் கடித்துக் கடித்துக் குட்டையாக வைத்திருந்ததால்தான் அது இருந்தது. குன்று மேய்ச்சலில் லாபம் போனதும் ஆடுகள் குறைந்தன, 1953-இல் மிக்சோமடோசிஸ் என்ற வைரஸ் நோய் பிரிட்டனுக்குள் வந்து முயல்களை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டது, சில வருடங்களிலேயே புல் முழங்கால் உயரத்துக்கு வந்தது, அப்புறம் முட்புதர், அப்புறம் மரக்கன்று. லார்ஜ் ப்ளூ என்ற நீலப் பட்டாம்பூச்சி 1979-இல் பிரிட்டனில் அற்றுப்போனதற்குப் பின்னால் இந்தக் கதைதான் இருக்கிறது. அதன் புழு ஒருவகைச் சிவப்பு எறும்பின் கூட்டுக்குள்தான் வளரும், அந்த எறும்புக்கு வெயில் நேரே தரையில் விழும்படி குட்டைப் புல் வேண்டும், புல் உயர்ந்ததும் தரை குளிர்ந்தது, எறும்பு போனது, பின்னாலேயே பட்டாம்பூச்சியும் போனது. காரணம் புரிந்த பிறகு மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, 1983 முதல் ஸ்வீடனிலிருந்து அந்த இனத்தை எடுத்துவந்து விட்டார்கள், இன்று சில குன்றுகளில் மறுபடி பறக்கிறது.

மெஷின் வைத்து வெட்டினால் ஆகாதா என்று எல்லாரும் கேட்பார்கள். மெஷின் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு வெட்டிவிடும், அன்றைக்குப் பூத்திருந்ததும் போகும், தண்டில் ஒட்டியிருந்த முட்டையும் போகும். செங்குத்தான சரிவில் டிராக்டர் ஏறவும் முடியாது. மேய்கிற பிராணி இங்கே ஒரு வாய் அங்கே ஒரு வாய் என்று கடிக்கும், சில இடத்தை விட்டுவிடும், அந்தச் சீரற்ற தன்மைதான் நமக்கு வேண்டியது. பிராணிகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. மாடு நாக்கால் சுற்றி இழுத்துப் பிய்க்கும், ஆடு பூவைத் தேடித் தேடிக் கொறிக்கும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பற்கள் இருப்பதால் தரையை ஒட்டி நறுக்கென்று வெட்டும். மாடு மாதிரி அசைபோடுகிற வயிறு அதற்குக் கிடையாது, நார் எல்லாம் பின்குடலில்தான் செரிக்கிறது, அதனால் மற்ற பிராணிகள் ஒதுக்கும் முரட்டுக் காய்ந்த புல்லையும் நிறையத் தின்று வேகமாக வெளியே தள்ளும், ஒரு நாளில் 16 மணி நேரம் வரைகூட மேயும். குளிர்காலத்தில் வேறு பச்சை இல்லாதபோது கோர்ஸ் என்கிற மஞ்சள் பூ முட்புதரின் நுனிகளைக்கூட விடாது. இன்னொரு பழக்கம், குதிரைகள் குறிப்பிட்ட சில இடங்களில்தான் சாணம் போடும், அந்த இடத்தைச் சுற்றி மேயாது. ஆக ஒரே வயலில் கம்பளம் விரித்த குட்டைப் புல்லும் பக்கத்திலேயே உயர்ந்த திட்டுகளும் தானாக அமைந்துவிடுகின்றன, குட்டையில் எறும்பும் நீலப் பட்டாம்பூச்சியும், உயரமானதில் சுண்டெலிகளும் சிலந்தியும்.

இது சோதனை முயற்சி என்கிற நிலையையெல்லாம் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது. கேம்பிரிட்ஜ்ஷயரில் உள்ள விக்கன் ஃபென் சதுப்பு நிலத்தில் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை முதல் துண்டு நிலத்தை வாங்கியது 1899-இல், அங்கே இப்போது கோனிக் என்ற போலந்து மட்டக்குதிரைகள் மேய்கின்றன. சசெக்ஸில் உள்ள நெப் பண்ணை 2003-இல் எக்ஸ்மூர் என்ற இங்கிலாந்து மட்டக்குதிரைகளை மேயவிட்டது. செக் நாட்டில் பிராகுக்குப் பக்கத்தில் மிலோவிட்சே என்ற பழைய ராணுவப் பயிற்சி மைதானத்துக்கு 2015-இல் இங்கிலாந்திலிருந்து எக்ஸ்மூர் குதிரைகளையே கொண்டுபோனார்கள், முரட்டுப் புல் மூடிக்கொண்டு வந்த இடத்தில் பூச்செடிகள் திரும்ப வந்தன.

இப்போது மழை. நீங்கள் பார்த்தவை பழுப்பு உடம்பு, மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் மாவு பூசினாற்போல வெளிர்நிறம், வெள்ளைத் திட்டு எங்குமே இல்லை என்றால் பெரும்பாலும் எக்ஸ்மூராகத்தான் இருக்கும். நான்கடி உயரத்தைச் சற்றே ஒட்டிய குதிரை. தென்மேற்கு இங்கிலாந்தின் மேட்டுக்காட்டில் காற்றும் மழையும் தின்று வளர்ந்த இனம். குளிர்காலத்தில் இதற்கு இரண்டடுக்கு ரோமம் முளைக்கும், உள்ளே அடர்ந்த கம்பளி, வெளியே எண்ணெய்ப் பசையுள்ள நீள முடி, மழை அந்த வெளிமுடி வழியாகவே ஓட்டுக் கூரையில் வழிவது மாதிரி வழிந்து இறங்கிவிடும். வாலின் மேல்பகுதியில் குட்டை முடி விசிறியாக விரிந்து தண்ணீரைப் பின்னங்கால்களுக்கு வெளிப்பக்கமாகத் தள்ளும். கண்ணுக்கு மேலும் கீழும் சதை தடித்திருப்பதும் மழைக்காகத்தான். பனி பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள், முதுகில் பனி உருகாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். உடம்புச் சூடு வெளியே கசியவில்லை என்று அதற்குப் பொருள். இரக்கப்பட்டு யாராவது கம்பளிப் போர்வை போட்டால் அந்த ரோமம் படிந்து அதன் வேலையைச் செய்ய முடியாமல் போகும். காற்று கடுமையாக அடிக்கும்போது அவை தாமாகவே புதர் ஓரமாகப் போய் காற்றுக்குப் புட்டத்தைக் காட்டி நிற்கும், கொட்டகை கட்டிவைத்த இடங்களில்கூட வெளியே நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். இந்த இனம் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சுமார் 50 குதிரைகள் என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது, போர்க்காலத்தில் இறைச்சிக்காகத் திருடினார்கள், சிப்பாய்கள் அவற்றைக் குறிவைத்துச் சுட்டுப் பழகினார்கள். மேரி எதரிங்டன் என்ற பெண்மணியும் சில குடியானவக் குடும்பங்களும் விடாப்பிடியாக நின்று மீட்டார்கள். இன்று காப்பகங்கள் புல்லை மேயப் பிராணிகளைத் தேடுவதால் இந்த இனத்துக்கும் ஒரு வேலையும் இடமும் கிடைத்திருக்கிறது, எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

தன்னார்வலர் போய் என்ன செய்வார் என்பதற்கு வருகிறேன். முதல் வேலை எண்ணுவது. எட்டுக் குதிரை என்றால் எட்டும் இருக்கிறதா. சிரிக்காதீர்கள், ஐம்பது ஏக்கர் புதரும் சரிவுமாக இருக்கும் இடத்தில் எட்டாவது குதிரையைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆகும். எண்ணிக்கை குறைந்தால் கிடைக்கும் வரை தேட வேண்டும், ஏனென்றால் நோய் வந்த குதிரை முதலில் செய்வது கூட்டத்தை விட்டு ஒதுங்குவதுதான். ஏழைப் பார்த்துவிட்டு எட்டாவது எங்காவது இருக்கும் என்று திரும்பினால், பார்க்கவேண்டிய ஒன்றை மட்டும் பார்க்காமல் வந்திருப்பீர்கள். எக்ஸ்மூரில் எல்லாம் ஒரே நிறமாக இருப்பதால் ஆள் அடையாளம் பிடிபட நாளாகும். பிடரி மயிர் இடப்பக்கம் விழுகிறதா வலப்பக்கமா, காதில் பழைய வெட்டு இருக்கிறதா, வயிறு எவ்வளவு தொங்குகிறது, நடை எப்படி, யாரோடு யார் ஒட்டி நிற்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக மனதில் ஏறும். குதிரைகளுக்கு நெருங்கிய சிநேகிதம் உண்டு, எப்போதும் சேர்ந்தே மேயும் இரண்டில் ஒன்று தனியாக இருந்தால் அதுவே விசாரிக்க வேண்டிய விஷயம்.

எண்ணியாயிற்று, அடுத்தது ஒவ்வொன்றையும் நடக்கவைத்துப் பார்ப்பது. விரட்டக் கூடாது, நாம் மெதுவாகச் சுற்றி நடந்தாலே அவை நாலடி நகரும், அது போதும். நான்கு காலிலும் எடை சமமாக விழுகிறதா, நடக்கும்போது தலையை ஒவ்வொரு அடிக்கும் தூக்கிப்போடுகிறதா, கண்ணில் நீர் வடிகிறதா, மூக்கில் சளியா, உடம்பில் வெட்டுக்காயமா, சாணம் உருண்டையாக இருக்கிறதா இளகியிருக்கிறதா. குளிரில் நடுங்குகிற குதிரை எனக்கு உடனே கவலை தரும், ஆரோக்கியமான எக்ஸ்மூர் சும்மா நடுங்காது. படுத்துக் கிடப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள், வெயில் நாளில் நீட்டிப் படுத்துத் தூங்கும், ஒன்று பக்கத்தில் காவல் நிற்கும், குதிரை செத்துக் கிடக்கிறது என்று எங்களுக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். தரையில் ஒருமுறை புரண்டு எழுந்து உதறுவதும் இயல்பு. ஆனால் திரும்பத் திரும்ப விழுந்து புரள்வது, தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, வியர்ப்பது, இவை மூன்றும் சேர்ந்தால் குடல் வலி, உடனே போன் செய்ய வேண்டும்.

உடம்பின் சதையை 0 முதல் 5 வரை ஒரு அளவுகோலில் மதிப்பிடச் சொல்லித்தருவார்கள், 0 என்றால் எலும்பும் தோலும், 5 என்றால் மிதமிஞ்சிய கொழுப்பு. கழுத்து, விலா, புட்டம் என்று மூன்று இடத்தைத் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போடுவது. குளிர்கால ரோமம் மெலிவை மறைத்துவிடும், தொங்கும் புல் வயிறும் ஏமாற்றும், அதனால் பின்னால் நின்று இடுப்பெலும்பையும் புட்டத்தின் வளைவையும் பார்க்கப் பழக வேண்டும். இங்கே பலருக்கு ஆச்சரியமாக இருக்கும் ஒன்று: இலையுதிர் காலத்தில் 3-க்கு மேல் கொழுத்து நிற்கும் குதிரை குளிர் முடியும்போது 2-ஐ ஒட்டி இளைத்திருப்பது நல்லது. வருடம் முழுக்கக் கொழுப்பாகவே இருக்கும் மட்டக்குதிரைக்குத்தான் ஆபத்து. வசந்தத்தில் புல் சர்க்கரை நிறைந்து பொங்கி வரும்போது அப்படிப்பட்ட குதிரைக்கு லேமினைட்டிஸ் வரும், குளம்புக்குள் அழற்சி, சாதாரண வேதனை இல்லை. முன்னங்கால்களை முன்னே நீட்டி எடையைப் பின்னங்காலில் சாய்த்து, நகரவே மனமில்லாமல் நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் நான் வேறெதையும்விட இந்த நிற்கும் விதத்தைத்தான் தேடுவேன். மெலிந்த குதிரையைப் பார்த்தால் ஊரே போன் செய்கிறது, கொழுத்த குதிரையைப் பார்த்து ஒருவரும் செய்வதில்லை.

அப்புறம் செடிகள். இலையுதிர் காலத்தில் சிக்கமோர் மரத்தின் இறக்கை விதைகள், வசந்தத்தில் அதன் முளைகள், இவற்றில் உள்ள நச்சு தசையை அழிக்கும், குதிரை விறைத்து நின்று கருஞ்சிவப்பாகச் சிறுநீர் கழித்தால் நேரம் மிகக் குறைவு என்று அறிந்துகொள்ளுங்கள். ஓக் கொட்டைகளை ஏராளமாகத் தின்றாலும் விஷம், தெற்கே உள்ள நியூ ஃபாரஸ்ட் காட்டில் இதற்காகவே இலையுதிர் காலத்தில் பன்றிகளை விட்டுக் கொட்டைகளைத் தின்னவைக்கும் பழைய வழக்கம் இன்றும் இருக்கிறது. யூ மரத்தின் ஒரு கிளை வேலிக்குள் விழுந்தாலும் அன்றே அகற்ற வேண்டும். ராக்வொர்ட் என்ற மஞ்சள் பூச்செடி கல்லீரலைக் கெடுக்கும், பச்சையாக இருக்கும்போது கசப்பால் குதிரை தொடாது, வெட்டிப்போட்டுக் காய்ந்தால் கசப்பு குறைந்து தின்றுவிடும், அதனால் பிடுங்கினால் அங்கேயே போட்டுவிட்டு வரக் கூடாது. ஆனால் கண்ட இடத்தில் எல்லாம் பிடுங்கவும் மாட்டோம், சின்னபார் அந்துப்பூச்சியின் மஞ்சள் கறுப்பு வரிப்புழுவுக்கு அதுதான் உணவு. எந்த வயலில் பிடுங்குவது, எதில் விடுவது என்பதைக் காப்பகத்தின் ரேஞ்சர் முடிவுசெய்வார். கையுறை கட்டாயம்.

குதிரை பார்த்து முடித்ததும் தண்ணீர்த் தொட்டி, வேலி, கேட். கோடையில் தொட்டியின் மிதவை அடைத்துக்கொள்ளும், குளிரில் மேலே பனி பாளமாக உறையும், இரண்டிலும் குதிரைக்குத் தண்ணீர் இல்லை. மின்வேலியில் மின்சாரம் ஓடுகிறதா, யாராவது கேட்டைத் திறந்துபோட்டுப் போயிருக்கிறார்களா. சாலையோரக் காப்பகங்களில் இந்த வேலை மற்றதைவிட முக்கியம்.

பார்த்ததைச் சொல்வதோடு நம் வேலை முடிகிறது, இதைப் புதியவர்கள் மறக்கக் கூடாது. காயத்துக்கு மருந்து போடுவது, கயிறு கட்டிப் பிடிப்பது எதுவும் நாம் செய்வதில்லை. குதிரையின் உரிமையாளருக்கு 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி பொறுப்பு உண்டு, அது காப்பகமாக இருக்கலாம், மேய்ச்சலுக்குக் குதிரை விடும் அறக்கட்டளையாக இருக்கலாம், விவசாயியாக இருக்கலாம். கால்நடை மருத்துவரை அழைப்பது, குளம்பு செதுக்க ஆள் வரவழைப்பது, மைக்ரோசிப், குதிரையின் அடையாள ஆவணமான பாஸ்போர்ட் எல்லாம் அவர்கள் கையில். மென்மையான நிலத்தில் குளம்பு தேயாமல் வளர்ந்துவிடும் என்பதால் அவ்வப்போது கூட்டத்தையே அடைப்புக்குள் கொண்டுவந்து செதுக்குவார்கள், அந்த நாளில் தன்னார்வலர் எல்லாருக்கும் வேலை இருக்கும், கேட்டைப் பிடிக்க, அமைதியாக வரிசையில் நின்று பின்னாலிருந்து ஓட்ட.

குடற்புழு மருந்து பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஊரில் மாடு வளர்த்தவர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். காலண்டரைப் பார்த்து எல்லாவற்றுக்கும் கொடுப்பதில்லை. ஐவர்மெக்டின் போன்ற மருந்து சாணத்தோடு வெளியேறி அங்கே முட்டையிடும் சாண வண்டுகளின் புழுக்களைக் கொல்லும், சாண வண்டு போனால் அதைத் தின்னும் வௌவாலும் பறவையும் பட்டினி. அதனால் சாணத்தை எடுத்துப் புழு முட்டையை மைக்ரோஸ்கோப்பில் எண்ணி, தேவைப்படுகிற குதிரைக்கு மட்டும் கொடுப்பார்கள். அந்தச் சாணத்தைச் சேகரிப்பதும் நம் வேலைதான், எந்தக் குதிரை போட்டது என்று பார்த்து, பையில் பெயர் எழுதி.

இப்போது கேரட். ஒரு கேரட் குதிரையைக் கொல்லாது. ஆனால் ஒருவர் மட்டும் கொடுப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை நடக்கவரும் ஐம்பது பேரும் கொடுப்பார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது உள்ளேதான். ஆப்பிளும் ரொட்டியும் சர்க்கரையும் மாவுமாகப் பின்குடலில் போய்ப் புளித்தால் குடல் வலியும் லேமினைட்டிஸும் வரும். எல்லாவற்றிலும் மோசம் வீட்டுத் தோட்டத்தில் புல்வெட்டிய மிச்சத்தை வேலிக்கு மேல் கொட்டுவது. நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் நறுக்கிய புல் குவியலாகச் சில மணி நேரத்தில் சூடேறிப் புளிக்கத் தொடங்கிவிடும், குதிரை மெல்லாமல் விழுங்கும், செத்த குதிரைகள் உண்டு. வயிற்றைத் தவிர இன்னொரு கேடு, கையில் தின்னப் பழகிய குதிரை மனிதர் வந்ததும் ஓடிவந்து பையை முட்டும், கிடைக்காவிட்டால் கடிக்கும், ஒரு குழந்தையைக் கடித்துவிட்டால் அந்தக் குதிரையை அங்கிருந்து அகற்ற வேண்டியதுதான். கூட்டத்தில் இருந்து, தன் துணையிடமிருந்து பிரித்து. தட்டிக்கொடுப்பதும் இதே பாதைதான், கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவே.

ஆகவே நம் நேரத்தில் கணிசமான பகுதி மனிதர்களிடம் பேசுவதில் போகும். நாயைக் கயிற்றில் பிடியுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும், ஏன் என்று கேட்பார்கள், துரத்தப்பட்ட சினைக் குதிரைக்குக் கரு கலையலாம், மிரண்டு வேலியில் விழுந்தால் கால் போகும் என்று கோபப்படாமல் சொல்ல வேண்டும். ஒரு முறை நிதானமாக விளக்கிய நாய்க்காரர் அடுத்த முறை வேறு யாருக்கோ அதையே விளக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன், அந்த நாளெல்லாம் மனம் நிறைந்திருந்தது.

இயற்கையென்றால் அப்படியே விட்டுவிட வேண்டியதுதானே, எதற்கு இந்தப் பார்வையெல்லாம் என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் நெதர்லாந்தைச் சொல்வேன். ஆம்ஸ்டர்டாமுக்குக் கிழக்கே ஓஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் என்று ஒரு காப்பகம், கடலில் இருந்து மீட்ட நிலம், 5,000 ஹெக்டேருக்கு மேல். 1980-களில் ஹெக் என்ற முரட்டு இன மாடுகளையும் கோனிக் குதிரைகளையும், பிறகு செம்மான்களையும் விட்டு, எண்ணிக்கையை இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்று இருந்தார்கள். ஆனால் சுற்றிலும் வேலி, வேட்டையாடும் ஓநாய் கிடையாது, குளிரில் வேறு மேய்ச்சல் தேடிப்போக வழியும் கிடையாது. 5,000-க்கு மேல் பெருகிய பிராணிகளில் 2017-18 குளிர்காலத்தில் 3,000-க்கு மேல் செத்தன, பெரும்பாலானவை பட்டினியால் பிழைக்காது என்று தெரிந்து காப்பகக் காவலர்களே சுட்டவை. மக்கள் கொதித்துப்போய் வேலிக்கு மேல் வைக்கோல் எறிந்தார்கள். அதற்குப் பிறகு எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள், குதிரைகளில் ஒரு பகுதியை வேறு நாடுகளுக்கு அனுப்பினார்கள். வேலி போட்டவருக்குப் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது என்பது என் திடமான கருத்து. அதனால்தான் பெரும்பாலான சிறிய காப்பகங்களில் காயடித்த ஆண் குதிரைகளை அல்லது பெண் குதிரைகளை மட்டும் விடுகிறார்கள், புல்லின் அளவைப் பார்த்து எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கிறார்கள், ஒரு வயலில் வேலை முடிந்ததும் அடுத்ததற்கு மாற்றுகிறார்கள்.

குதிரை எங்கே மேய்ந்தாலும் நல்லது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் கோடியக்கரை சரணாலயத்தில் காட்டுப்போக்கில் பெருகிய மட்டக்குதிரைகள் இருக்கின்றன, அங்கே அவை வெளிமான்களின் புல்லுக்குப் போட்டி, சீமைக் கருவேல நெற்றுகளைத் தின்று சாணம் வழியாக விதையைப் பரப்பவும் செய்கின்றன. 1967-இல் அந்தச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதே வெளிமானுக்காகத்தான். யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நெடுந்தீவில் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் சந்ததிக்கு வேறு விதமான துன்பம், வறட்சி நாட்களில் குடிக்கத் தண்ணீரே இல்லாமல் சாகின்றன. ஒரே பிராணிதான், ஒரு நிலத்தில் மருந்து, இன்னொன்றில் பாரம், மற்றொன்றில் கைவிடப்பட்ட ஜீவன். எத்தனை குதிரை, எவ்வளவு நாள், எந்தப் புல்லுக்கு என்று கணக்குப் பார்க்க அங்கே ஆள் இருக்கிறாரா என்பதை வைத்துத்தான் நான் எந்த இடத்தையும் மதிப்பிடுவேன்.

சேர முடிவுசெய்துவிட்டால் அறிவிப்பில் உள்ள முகவரிக்கு எழுதுங்கள். பெரும்பாலான இடங்களில் ரேஞ்சர் ஒருவர் வயலிலேயே வைத்துப் பயிற்சி கொடுப்பார், அப்புறம் அனுபவமுள்ள ஒருவரோடு சில முறை சேர்ந்து போவீர்கள், பிறகு உங்களுக்கு என்று ஒரு கிழமை. வாரம் ஒரு நாள் தந்தால் போதும், ஆனால் அந்த நாளைத் தவறவிடாதீர்கள், முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், யாரோ வருவார்கள் என்று எல்லாரும் நினைத்தால் அன்றைக்குக் குதிரைகளைப் பார்க்க ஒருவரும் இல்லை. தண்ணீர் புகாத பூட்ஸ், மழைக்கோட், சின்ன பைனாகுலர், சார்ஜ் உள்ள போன். குதிரைக்கு நேர் பின்னால் போகாதீர்கள், தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் நிற்காதீர்கள், காது பின்னுக்குப் படுத்தால் பின்வாங்குங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை உயர்ந்த புல்லில் உண்ணி இருக்கும், லைம் நோயைப் பரப்பும், பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு போங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னாலும் இடுப்பிலும் தடவிப் பாருங்கள், ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விரிந்தால் டாக்டரைப் பார்க்கத் தாமதிக்க வேண்டாம்.